சாம்பிள் எடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

வேறொருவர் பாட்டின் பதிவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி நம் பாட்டில் சேர்ப்பதுதான் சாம்பிள் எடுப்பது. “ஏழு செகண்டுக்குள்ள எடுத்தா காப்பிரைட் வராது” என்பது பீட் போடுபவர்களிடையே உலவும் கட்டுக்கதை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படியொரு செகண்ட் கணக்கே இல்லை. அமெரிக்காவிலும் நிலைமை தெளிவாக இல்லை. 2005-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு செகண்ட் கிட்டார் துணுக்குக்கே உரிமம் வேண்டும் என்றது. 2016-இல் இன்னொன்று, மடோனா பாட்டிலிருந்த 0.23 செகண்ட் ஹார்ன் ஒலியைப் பெரிதுபடுத்தவில்லை. இந்த இரண்டாவது தீர்ப்பை நம்பி இங்கே ரிலீஸ் செய்வது சூதாட்டம்.

இதைவிடப் பெரிய சறுக்கல், ஒருவரிடம் மட்டும் அனுமதி வாங்குவது. ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், ஒருவரிடம் இருக்கும். மெட்டும் வரிகளும் வேறு வேறு கைகளில் இருக்கலாம். குரல் வராத நான்கு பார் (தாளச் சுற்று) வயலினை வெட்டினால் மாஸ்டர், மெட்டு இரண்டுக்கும் அனுமதி வேண்டும். அதையே ஆள் வைத்து வாசித்துப் பதிந்தால் மாஸ்டர் கணக்கு போய்விடும், மெட்டுக் கணக்கு நிற்கும். பிறர் பாட்டைப் புதிதாகப் பாடிப் பதியும் கவர் பாடல்களுக்காக இந்தியச் சட்டத்தில் உள்ள 31சி பிரிவை சாம்பிளுக்குக் காட்ட முடியாது. அசல் பதிவை வெட்டி ஒட்ட அது இடம் தருவதில்லை.

“பழைய பாட்டுதானே” என்பவர்கள் இரண்டு கணக்கு போட வேண்டும். 1962-இல் வெளியான பதிவுக்கான உரிமை 2022 இறுதியில் முடிந்தது. ஆனால் மெட்டுக்கு, இசையமைப்பாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டு உண்டு. அவர் 1990-இல் மறைந்திருந்தால் 2050 முடியும்வரை காத்திருக்க வேண்டும். வரிகளுக்கும் இதே கணக்குதான், பாடலாசிரியர் மறைந்த ஆண்டிலிருந்து.

அனுமதி கேட்கும் கடிதத்தில் எந்தப் பாட்டு, எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனை செகண்ட், உங்கள் டிராக்கில் எத்தனை முறை வருகிறது என்று எழுதி, டெமோவையும் அனுப்புங்கள். ரிலீசுக்கு முன்பே கேளுங்கள். பாட்டு ஹிட்டான பின் போனால் பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. வாட்ஸ்அப்பில் வரும் “ஓகே ப்ரோ”வை உரிமமாக நம்பாதீர்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் கால அளவு எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்து ஆண்டு, எந்தெந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ஸ்பாட்டிஃபையில் போடுகிற பாட்டுக்கு இது போதாது. “உலகம் முழுவதும்” என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பாட்டில் பயன்படுத்தவே விற்கப்படும் ஒலித் துணுக்குகளின் தொகுப்பை, அதாவது சாம்பிள் பேக்கை, விலைக்கு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதிலுள்ள லூப்பை (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துணுக்கை) வைத்த டிராக்கை, ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அதே லூப்பை வாங்கிய மற்றவர்களின் வீடியோக்களுக்கெல்லாம் உங்கள் பெயரில் கிளெய்ம், அதாவது உரிமைக் கோரிக்கை, போகும்.