வெங்காய வேர்நுனியிலிருந்து குரோமோசோம் வரிசைப்படம் வரை: செல் பகுப்பைப் பார்த்து எண்ணும் முறை

செல் பகுப்பைப் படிப்பவர்களில் பலர் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்ற நான்கு பெயர்களையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்ததும் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைப்பார்கள். ஒரு செல்லில் எதை எண்ண வேண்டும் என்று தெரிந்துகொண்டால் நிலைகளின் பெயர்கள் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும். எண்ண வேண்டியது சென்ட்ரோமியரை, அதாவது பகுப்பின்போது குரோமோசோமை இழுக்கும் இழைகள் பற்றும் இடத்தை. எத்தனை சென்ட்ரோமியர்களோ அத்தனை குரோமோசோம்கள். அதில் ஒட்டியிருப்பது ஒரு குரோமாட்டிடா (இரட்டித்த குரோமோசோமின் இரு ஒத்த இழைகளில் ஒன்று), இரண்டா என்பது அடுத்த கேள்வி. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு வெங்காய வேரில் தொடங்கி, மனிதக் குரோமோசோம்களை இணைசேர்த்து அடுக்கிய வரிசைப்படத்தில் பிறழ்வுகளைக் கண்டுபிடிப்பது வரை செல்வதற்கான வழியைக் கீழே தருகிறேன்.

வேரின் எந்தப் பகுதியை எடுப்பது

வெங்காயத்தின் அடிப்பகுதியில் உள்ள காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டி நீக்கிவிட்டு, அடித்தட்டு மட்டும் நீரைத் தொடும்படி ஒரு குடுவையின் வாயில் வைத்தால், மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் புது வேர்கள் ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். நீரைத் தினமும் மாற்ற வேண்டும். வேர் இன்னும் நீளட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, ஏனெனில் நமக்கு வேண்டியது நுனியிலுள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டுமே. அதற்கு மேலே செல்கள் நீளும் பகுதியும், அதற்கும் மேலே வேர்த்தூவிகள் உள்ள பகுதியும் இருக்கின்றன. அங்கே பகுபடும் செல்லைத் தேடினால் நேரம்தான் வீணாகும்.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. வேர்த்தூவி என்பது புறத்தோல் செல்லின் மேற்பரப்பே குழாய்போல் வெளியே நீண்டு, உறிஞ்சும் பரப்பைப் பெருக்கிக்கொண்ட அமைப்பு. அப்படித் தன் மேற்பரப்பை ஒரு வேலைக்கென்றே மாற்றிக்கொண்ட செல் பெரும்பாலும் பகுப்பைக் கைவிட்டிருக்கும். விலங்குகளிலும் இதே நிலைதான். சிறுகுடலில் மைக்ரோவில்லை என்னும் விரல்போன்ற நுண்நீட்சிகள் அடர்ந்து நிற்கும் உறிஞ்சு செல்கள் பகுபடுவதில்லை. அவற்றின் அடிவாரத்தில் உள்ள குழிகளில் இருக்கும் செல்கள் பகுபட்டு மேல்நோக்கி நகர்ந்து, தேய்ந்து உதிர்ந்தவற்றின் இடத்தை நிரப்புகின்றன. மூச்சுக்குழாயில் ஏராளமான குறுஇழைகளைத் தாங்கி நிற்கும் செல்லும் பகுபடாது. ஒரே ஒரு குறுஇழை கொண்ட செல்கள் மட்டும் அதைக் கலைத்துவிட்டுப் பகுபடும், ஏனெனில் அந்த இழையின் அடியில் நங்கூரமாக இருந்த சென்ட்ரியோல், குரோமோசோம்களை இழுக்கும் இழைத்தொகுதியான கதிர்கோலின் முனையில் தேவைப்படுகிறது. ஆகவே எந்தத் திசுவில் பகுப்பைத் தேடினாலும், மேற்பரப்பு எளிமையாக உள்ள செல்களிலிருந்தே தொடங்குங்கள்.

செல்களை நிலைநிறுத்தி, பிரித்து, நசுக்குவது

செல்களை அவை இருந்த நிலையிலேயே நிறுத்திவைக்க, வெட்டிய நுனிகளை உடனே மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு அடர் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் போட்டு, ஒரு நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். வெட்டிய வேரை மேசையில் வைத்துவிட்டுக் கரைசலைத் தேடக் கூடாது. கரைசல் தயாரான பிறகே கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்குப் பின் 70 விழுக்காடு எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரங்கள் பயன்படுத்தலாம்.

அடுத்த படியில்தான் பெரும்பாலான நுண்ணோக்கித் தகடுகள் பாழாகின்றன. தாவரச் செல்களின் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது மைய லாமெல்லா எனப்படும் பெக்டின் அடுக்கு. அதைத் தளர்த்தாமல் நசுக்கினால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த கட்டியைத்தான் காண்போம். அதற்காக 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, நுனிகளை அதில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டுமே தவிர, ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நேரம் குறைந்தால் செல்கள் பிரியாது. அதிகமானால் நுனி கூழாகிச் சாயமும் சரியாக ஏறாது. ஊசியால் தொட்டால் வெந்த பருப்புபோல் மெத்தென்று அமுங்குவதே சரியான பதம்.

பின்னர் நீரில் அலசி, அசிட்டோகார்மைன் அல்லது அசிட்டோ-ஆர்சின் சாயத்தில் இருபது நிமிடமளவு வைக்க வேண்டும். சாயம் ஏறிய வேரில் மிக ஆழ்ந்த நிறத்தில் தெரியும் சிறு முனையே நமக்கு வேண்டியது, ஏனெனில் அங்கே செல்கள் சிறியவை, உட்கருக்கள் பெரியவை. அந்த ஒரு மில்லிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறியுங்கள். நான் முதன்முதலில் செய்தபோது இரு முனைகளும் ஒன்றுபோலத் தெரிய, நுனியை எறிந்துவிட்டு வெட்டுவாயை அரை மணி நேரம் நுண்ணோக்கியில் துழாவிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து நுனி எந்தப் பக்கம் என்பதைச் சாயத்தில் போடும் முன்பே குறித்துக்கொள்கிறேன். ஒரு சொட்டுச் சாயத்தில் நுனியை வைத்து, மூடு வில்லையை இட்டு, அதன்மேல் வடிதாளை மடித்துப் போட்டுக் கட்டைவிரலால் நேர்செங்குத்தாக அழுத்த வேண்டும். விரல் பக்கவாட்டில் ஒரு மயிரிழை அசைந்தாலும் செல்கள் உருண்டு சிதைந்துவிடும்.

எண்ணுவது

பத்து மடங்கு லென்ஸில் களத்தை முதலில் முழுமையாக அலசிவிட்டு, பிறகே நாற்பது மடங்குக்கு மாறுங்கள். பெரும்பாலான செல்கள் இடைநிலையில், அதாவது ஒரு பகுப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நிலையில்தான் இருக்கும். அது குறையன்று, செல் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை டி.என்.ஏ.வை இரட்டிப்பதிலும் வளர்வதிலும் செலவிடுகிறது என்பதற்கான நேரடிச் சான்று. பகுபடும் செல்களின் எண்ணிக்கையை மொத்தச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பகுப்புக் குறியெண் கிடைக்கும்: 500 செல்களில் 45 பகுபடுகின்றன என்றால் 9 விழுக்காடு. அழகான செல்கள் உள்ள களங்களை மட்டும் தேர்ந்து எண்ணினால் இந்த எண்ணுக்குப் பொருளில்லை. எந்த வரிசையில் தகட்டை நகர்த்துவது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் எண்ண வேண்டும்.

வெங்காயத்தின் உடற்செல்லில் குரோமோசோம்கள் 16. மெட்டாஃபேஸில் அவை செல்லின் நடுவே அணிவகுத்து நிற்கும்போது சென்ட்ரோமியர்கள் 16, குரோமாட்டிட்கள் 32. அனாஃபேஸ் தொடங்கிய கணத்தில் சென்ட்ரோமியர்கள் பிரிந்துவிடுவதால், முன்பு குரோமாட்டிட் என்று சொன்ன ஒவ்வொன்றும் இப்போது தனிக் குரோமோசோம். செல்லில் மொத்தம் 32, ஒவ்வொரு முனையை நோக்கியும் 16. தேர்வுகளில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. டி.என்.ஏ.வின் அளவு இடைநிலையிலேயே இரட்டித்துவிட்டது. குரோமோசோம்களின் எண்ணிக்கை இரட்டிப்பதோ அனாஃபேஸில்தான். டீலோஃபேஸில் இரு உட்கருக்களுக்கும் நடுவே செல் தட்டு உருவாகி வெளிநோக்கி விரிந்து பக்கச் சுவர்களைத் தொடும். சுவரில்லாத விலங்குச் செல்லிலோ வெளியிலிருந்து உள்நோக்கிப் பள்ளம் விழுந்து செல்லை இரண்டாக இறுக்கும்.

குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் பகுப்பான மியாசிஸிலும் இதே விதியால் குழப்பம் தீரும். முதல் பகுப்பில் ஒத்த குரோமோசோம்கள் எட்டு இணைகளாக நின்று பிரிவதால் ஒரு முனைக்கு 8 சென்ட்ரோமியர்களே போகும். ஆனால் ஒவ்வொன்றிலும் இன்னும் இரண்டு குரோமாட்டிட்கள் இருக்கும். இரண்டாம் பகுப்பில் எண்ணிக்கை அதே 8, குரோமாட்டிட் மட்டும் ஒன்றாகும்.

தகட்டிலேயே தெரியும் பிறழ்வுகள்

அனாஃபேஸ் செல்களைப் பார்க்கும்போது இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய இழை ஒன்று இழுபட்டுத் தெரிந்தால் அதைப் பாலம் என்கிறோம். உடைந்த குரோமோசோம்கள் தவறாக ஒட்டி, ஒரே குரோமோசோமில் இரண்டு சென்ட்ரோமியர்கள் வந்துவிட்டால் அவை எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்பட்டு இந்தப் பாலம் உண்டாகிறது. உடைந்து விழுந்த துண்டில் சென்ட்ரோமியர் இல்லையென்றால் அதைப் பிடித்திழுக்கக் கதிர்கோல் இழைக்கு இடமில்லை. அது நடுவழியில் பின்தங்கி, பின்னர் உட்கருவுக்கு வெளியே சிறு உருண்டையாக, நுண்ணுட்கருவாக மிஞ்சும். ஒரு களத்தில் எல்லாச் செல்களிலும் பாலம் தெரிந்தால் வெங்காயத்தைக் குறைசொல்லும் முன் உங்கள் அமிலத்தையும் நிலைநிறுத்திய கரைசலையும் சந்தேகியுங்கள். சரியாக நிலைநிறுத்தப்படாத குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம்போல் ஏமாற்றும்.

செங்காந்தள் கிழங்கிலும் இருக்கும் கொடிய நஞ்சான கால்சிசின் கதிர்கோல் உருவாவதையே தடுத்து, செல்களை மெட்டாஃபேஸில் நிறுத்திவிடும். அதை வெங்காய வேரில் ஆராய்ந்து 1938-இல் வெளியிட்டவர் ஆல்பர்ட் லெவான். அதே லெவானும் ஜோ ஹின் ஜியோவும் சேர்ந்துதான் 1956-இல் மனித உடற்செல்லில் குரோமோசோம்கள் 48 அல்ல, 46 என்று காட்டினார்கள். அதுவரை 48 என்றே பலரும் நம்பிவந்ததற்கு ஒரு காரணம், குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததே. அவற்றைப் பரப்பிக் காட்டும் உத்தி கிடைத்ததும் எண்ணிக்கை தெளிந்தது.

மனித வரிசைப்படத்தை வாசிப்பது

மனிதக் குரோமோசோம்களைப் பார்க்கப் பெரும்பாலும் இரத்தத்தை எடுப்பதற்குச் செல்லின் மேற்பரப்பும் ஒரு காரணம். தோலின் செல்கள் டெஸ்மோசோம் என்னும் பொத்தான்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அவற்றைப் பிரிக்க டிரிப்சின் போன்ற நொதி வேண்டும். இரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்களோ ஒன்றையொன்று பற்றாமல் மிதப்பவை. அவற்றைப் பகுபடத் தூண்டும் பொருளுடன் சுமார் 72 மணி நேரம் வளர்த்து, கால்சிசின் வகை மருந்தால் மெட்டாஃபேஸில் நிறுத்தி, நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலில் உப்பவைத்து, மெத்தனால்–அசிட்டிக் அமிலக் கலவையில் நிலைநிறுத்திக் கண்ணாடித் தகட்டில் சொட்டினால் குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். பிறகு டிரிப்சினில் சற்றே நனைத்து ஜீம்சா சாயமிட்டால் ஒவ்வொரு குரோமோசோமிலும் அதற்கே உரிய குறுக்குப் பட்டைகள் தோன்றும்.

பயிற்சிக்கு அப்படியொரு படத்தின் நகலை எடுத்துக் குரோமோசோம்களைக் கத்தரித்து, நீளத்தையும் சென்ட்ரோமியரின் இடத்தையும் கொண்டு இணைசேர்த்துப் பாருங்கள். மிகப் பெரிய 1, 2, 3 ஆகியவற்றில் தொடங்குங்கள். நடுவில் வரும் 6 முதல் 12 வரையிலானவையும் எக்ஸும் மிகவும் குழப்புபவை, ஆகவே அவற்றைக் கடைசிக்கு விட்டுவிடுங்கள். சென்ட்ரோமியர் ஓரத்தில் உள்ள 13, 14, 15 ஒரு குழு. 21, 22, ஒய் இன்னொரு குழு. பெயரில் 21 முந்தினாலும் உண்மையில் 22-ஐவிட அதுவே சிறியது என்பது ஒரு சிறு வேடிக்கை.

இப்போது எண்ணுங்கள். 47 இருந்து, மிகையானது 21 என்றால் டவுன் கூட்டறிகுறி; இதை 1959-இல் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் மூவரும் வெளியிட்டனர். மிகையானது 18 என்றால் எட்வர்ட்ஸ், 13 என்றால் பட்டாவ். 45 மட்டும் இருந்து ஒரே ஓர் எக்ஸ் இருந்தால் டர்னர். இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் சேர்ந்து 47 ஆனால் கிளைன்ஃபெல்டர். இவற்றுக்குப் பெரும்பாலும் மூலக் காரணம், மியாசிஸில் பிரிய வேண்டிய இணை பிரியாமல் ஒரே முனைக்குச் சென்றுவிடுவது. பெண்ணின் கருமுட்டைச் செல்கள் அவள் பிறக்கும் முன்பே முதல் பகுப்பின் புரோஃபேஸில் நின்றுவிட்டுப் பல்லாண்டுகள் காத்திருக்கின்றன. தாயின் வயது ஏற ஏற டிரைசோமி, அதாவது ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் நிலை, கூடுவதை இந்த நீண்ட காத்திருப்போடு தொடர்புபடுத்துகிறார்கள்.

ஒரே செல்லை எண்ணிவிட்டு முடிவு சொல்லக் கூடாது. தகட்டில் சொட்டும்போதே ஒரு குரோமோசோம் சிதறி விலகிப்போயிருக்கலாம். ஆகவே வழக்கமாக இருபது செல்களேனும் பார்க்கப்படுகின்றன. சிலவற்றில் 46, சிலவற்றில் 47 எனத் திரும்பத் திரும்ப வந்தால் அது மொசைக் நிலை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் ஏமாற்றும் இடங்கள் உண்டு. 14-உம் 21-உம் சென்ட்ரோமியர் அருகே ஒட்டிக்கொண்ட ஒருவருக்கு 45 குரோமோசோம்களே இருக்கும். ஆனாலும் அவர் நலமாகவே இருப்பார், ஏனெனில் தேவையான பகுதி எதுவும் குறையவில்லை. அவருடைய பிள்ளை அந்த ஒட்டிய குரோமோசோமையும் அவரிடமிருந்தே தனியான 21-ஐயும் பெற்றால், மொத்தம் 46 என்று வந்தும் 21-இன் நீண்ட கரம் மூன்று இருப்பதால் டவுன் கூட்டறிகுறி அமையும். எனவே 46 என்று எண்ணியதும் படத்தை மூடிவிடாமல், 14-ஆம் இணையில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகக் கனமாக உள்ளதா, அதன் மேல்பகுதியில் பட்டைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வழக்கத்தைவிடக் குட்டையான குரோமோசோம் ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே “இழப்பு” என்று எழுதிவிடக் கூடாது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றில் இப்படியொரு குட்டைக் குரோமோசோமை நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் கண்டார்கள். ஒரு துண்டு தொலைந்துவிட்டதாகவே அப்போது தோன்றியது. 1973-இல் பட்டைச் சாயத்தைக் கொண்டு ஜேனட் ரௌலி பார்த்தபோதுதான், 22-இலிருந்து குறைந்த துண்டு 9-இன் முனையில் ஒட்டியிருப்பது தெரிந்தது. குட்டையானது எதுவென்று குறித்துக்கொண்டபின், மற்ற 45 குரோமோசோம்களின் முனைகளையும் ஒவ்வொன்றாக அதன் இணையோடு ஒப்பிட்டுவிட்டே பேனாவை எடுங்கள்.