ரீயூனியனில் ஆஸ்டியோபத்திடம் போகும் முன்

ரீயூனியன் பிரான்சின் தீவு, அதனால் இங்கே செல்லுபடியாவது பிரெஞ்சுச் சட்டம்தான். ஆஸ்டியோபத் என்பவர் மூட்டு, தசைகளைக் கையாலேயே அழுத்தித் திருத்துபவர்; அந்தப் பட்டம் 2002-இல் அங்கீகாரம் பெற்றது. எந்தச் சிகிச்சை கூடும், எது கூடாது என்பதை 2007 ஆணை வகுத்தது. செயின்ட் ஆந்த்ரேயில் தெருவுக்கொரு பலகை தொங்கினாலும், முதலில் வட்டார சுகாதார முகமையில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள்.

ஆஸ்டியோபதி மட்டுமே படித்தவர், ஆறு மாதம் நிரம்பாத குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பைத் தொட்டுத் திருத்த, 'தடையில்லை' என்ற டாக்டர் சான்று தேவை. கழுத்தைத் திருப்பவும் அப்படியே. 'அதெல்லாம் வேண்டாம்' என்பவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தெலும்பு வழியாக மூளைக்குப் போகும் தமனி கிழிவது அரிது, ஆனால் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். சிகிச்சைக்குப் பின் திடீர்த் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் என்றால் உடனே மருத்துவ அவசர எண் 15-ஐ அழையுங்கள்.

ரத்தம் உறையாத மாத்திரை, எலும்புத் தேய்வு, பழைய முறிவு எதையும் மறைக்காதீர்கள். முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அவசரப் பிரிவுக்கே போங்கள்.

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையான கார்த் வித்தாலைக் காட்டினாலும் பணம் திரும்பாது. சில மியூச்சுவல்கள் (கூடுதல் காப்பீட்டு நிறுவனங்கள்) தருவார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.