வானம் ஓர் ஊர், நிழல் ஓர் ஊர்: ஓவியம் போன்ற நிலக்காட்சிப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலைந்து பிள்ளைகள் மடிக்கணினியோடு வருவார்கள். தோட்டத்தில் எடுத்த படங்களை போட்டோஷாப்பில் லேயர் லேயராக அடுக்கி, எண்ணெய் ஓவியம் போல ஆக்கப் பழகுகிறார்கள். போன வாரம் ஒரு தம்பி காட்டிய படத்தைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு. அதே மலை, கிட்டத்தட்ட அதே வானம்.

தொடுவானம் சாய்வது, கை ஆடிப் படம் கலங்குவது எல்லாம் நாலு நாள் பழகினால் தானாகப் போய்விடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிடுங்கி ஒட்டிய வானம்

தோட்டம் விற்கப்பட்டு, வீடமைப்புக்காக வெளியேறிய குடும்பம் ஒன்று அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பழைய லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டை, ஓவியமாகச் செய்து தரச் சொன்னது. லயத்தை இடிப்பதற்கு முன் நான் எடுத்த படம் கையில் இருந்தது. மாலை ஆறரை மணி. கேமரா கிழக்கே தித்திவங்சா மலையைப் பார்த்திருந்தது. வெயில் என் முதுகுப் பக்கமிருந்து அடித்தது. லயத்துச் சுவரும் அரசமரமும் முன்பக்கம் பளிச்சென்றிருக்க, நிழல்கள் மலையை நோக்கி நீண்டு கிடந்தன. வானம் மட்டும் வெறும் வெள்ளை. மேற்குக் கரைத் தீவான பங்கோரில் எடுத்த அந்திவானத்தை வெட்டி மலைக்குப் பின்னால் வைத்தேன். செம்மஞ்சள் மேகம், நடுவில் சூரியன். மொத்தம் 19 லேயர், மேலே எண்ணெய் ஓவிய ஃபில்டர். ஐந்தடி கேன்வாஸ், சட்டத்தோடு 700 வெள்ளி (ரிங்கிட்).

அந்த அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். படத்தை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது காலையா, சாயங்காலமா?" என்றார். "முப்பது வருசம் அந்த மலைக்குப் பின்னால இருந்து சூரியன் வர்றதப் பாத்துகிட்டே பால் வெட்டுனேன். அப்ப நிழல் நம்ம பக்கம்ல விழும்?"

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படத்தைத் தூக்கி வந்தேன். இன்றைக்கும் அந்தக் கேன்வாஸ் என் அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது.

எனக்கு ஆறாத எரிச்சல் எதில் என்றால், "ஃபில்டர் போட்டா மறைஞ்சிடும் அண்ணே" என்று பிள்ளைகள் சொல்வதில். நேர்மாறாகத்தான் நடக்கும். ஃபில்டர் தின்பது இலை நரம்பை, சுவர் விரிசலை, புல் நுனியை. அந்தச் சில்லறை விவரங்கள்தான் பார்ப்பவர் கண்ணை அங்குமிங்கும் இழுத்துத் தவறை மறைத்துக்கொண்டிருந்தன. அவை போனபின் வெளிச்சத் திட்டும் நிழல் திட்டும்தான் மிஞ்சும். ஓவியம் என்பதே அந்த இரண்டும்தானே. சாதாரணப் புகைப்படத்தில் முணுமுணுக்கும் தவறு, ஓவியப் படத்தில் கூச்சல் போடும்.

வானத்தைத் தனியாகச் சேர்ப்பது குற்றமில்லை. 1850களிலேயே பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டை ஒரே தாளில் அச்சிட்டார். அக்காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கு மட்டுமீறி இணங்கும். கடலுக்குச் சரியாக எடுத்தால் வானம் வெளுத்துப் போகும். அவருக்கு வேறு வழியில்லை. நாமோ நிறம் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வானத்தைப் பொறுக்குகிறோம்.

இப்போதெல்லாம் வானம் தேடும் முன்பே, அடிப்படத்தின் மேல் வெற்று லேயர் ஒன்று திறந்து, சூரியன் இருந்த பக்கத்திலிருந்து ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறேன். கடைசிவரை அது அங்கேயே இருக்கும். வானமும் அதே திசையில், அதே வேளையில் எடுத்ததாக இருக்க வேண்டும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 5 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் கிட்டத்தட்ட நேராக ஏறி நேராக இறங்கும். பொன்வெளிச்சம் நெடுநேரம் நிற்காது. அரை மணி தள்ளி எடுத்த வானம்கூட நிழலின் நீளத்தோடு சண்டை போடும். மூடுபனிக் காலையில் நிழலே இராது. அந்தப் படத்துக்கு வெயில் வானம் எதற்கு?

வானம் பொருந்திய பிறகு அதன் அடிவிளிம்பு நிறத்தை எடுத்து, மலைக்கும் செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) நடுவே தனி லேயரில் மிக மெல்லியதாகப் பூசுங்கள். ஈரக் காற்றில் தூரத்து மரம் வெளிறி நீலம் பாய்ந்துதான் தெரியும். அடுத்து, 50 விழுக்காட்டுச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வையுங்கள். அந்தச் சாம்பல் படத்தை மாற்றாது. அதில் வெயில் படும் பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கருப்புமாக, மெல்லிய பிரஷ்ஷால் தடவி வாருங்கள். முடிந்ததும் முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்கி நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சூரியன் எந்தப் பக்கம் என்று சட்டெனச் சொல்ல முடியாவிட்டால் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

எல்லாம் ஒரே பச்சை

செம்பனைக் காட்டை மொத்தமாகப் பிடித்து நிறத்தை ஏற்றினால் பிளாஸ்டிக் இலைதான் கிடைக்கும். வெயில் பட்ட மட்டைக்கு மஞ்சள், நிழல் மட்டைக்கு நீலம். இரண்டு லேயர், இரண்டு மாஸ்க் (லேயரில் வேண்டாத இடத்தை அழிக்காமல் மறைத்து வைக்கும் திரை).

8 பிட்டில் மூடுபனி

8 பிட் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் இருளிலிருந்து வெளிச்சம்வரை 256 படிகள்தான். மூடுபனி அதில் கொஞ்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அதை இழுத்து விரித்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுத்து 16 பிட்டில் வேலை செய்யுங்கள்.

அழிப்பான்

வேண்டாம். மாஸ்க் இருக்கிறது.

சின்னப் படத்தில் சோதித்த தீற்றல்

ஃபில்டர் போடும் தூரிகைத் தீற்றல் 1,000 பிக்சல் படத்தில் தடித்துத் தெரிந்தாலும் 6,000 பிக்சலில் மயிரிழையாகிவிடும். அச்சிடும் அளவிலேயே சோதியுங்கள்.

கேன்வாஸ் மேல் கேன்வாஸ்

துணி நெசவு போன்ற படத்தை மேல் லேயராக வைத்து, அதை நிஜக் கேன்வாஸில் அச்சிடுவார்கள். இரண்டு நெசவும் மோதிக் கண்ணை உறுத்தும். அந்த அம்மாவுக்கு மறுபடி செய்து கொடுத்தபோது நெசவு லேயரை எடுத்துவிட்டேன். வானத்தையும் வெள்ளையாகவே விட்டு, அடியில் மட்டும் சாயங்கால மஞ்சளைக் கொஞ்சம் தடவினேன். பார்த்ததும் அவர் நேரத்தைக் கேட்கவில்லை. லயத்து மூன்றாவது கதவைத் தொட்டு, "இதுதான் எங்க வீடு" என்றார்.