தசை இழுக்கும், தள்ளாது: எலும்பும் மூட்டும் தசையும் சேர்ந்து இயங்குவதைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் முறை

மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு உடலின் அசைவைப் பற்றிக் கற்பிக்கும்போது, பெரும்பாலும் எலும்புகளின் பெயர்களும் எண்ணிக்கையும்தான் முதலில் வந்து நிற்கின்றன. வளர்ந்த மனிதருக்கு 206 எலும்புகள் என்பதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடும் குழந்தை, மடக்கிய கை எப்படி மீண்டும் நீள்கிறது என்று கேட்டால் விழிக்கும். ஆகவே இந்தப் பாடத்தை ஒரே கருத்தின் மீது நிறுத்துவது நல்லது: தசையால் சுருங்கி இழுக்க மட்டுமே முடியும், எலும்பைத் தள்ள முடியாது. மற்றவை எல்லாம் இதிலிருந்து தாமாகவே விளங்கும்.

தேவையான பொருள்கள்

தடித்த அட்டை, கத்தரிக்கோல், அளவுகோல், உறிஞ்சுகுழல், ஒட்டுநாடா, இரண்டு நிறங்களில் தடித்த நூல், கால் விரியும் காகிதப் பின் ஒன்று. இந்தப் பின் கிடைக்காவிட்டால், நூலைத் துளைகளின் வழியே செலுத்தி, இருபுறமும் ஒவ்வொரு பொத்தானைக் கோத்து முடிச்சிட்டுக்கொள்ளலாம். அட்டையில் துளையிடும் வேலையைப் பெரியவரே செய்ய வேண்டும்.

படி 1: சொந்தக் கையிலிருந்து தொடங்குங்கள்

மாணவர்களை உட்காரவைத்து, ஒரு கையின் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கையை மேசையின் அடிப்பக்கத்தில் வைத்து மேல்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். மற்றொரு கையால் மேற்கையின் முன்பக்கத்தைத் தொட்டால், அங்குள்ள இருதலைத் தசை இறுகியிருப்பது தெரியும். பிறகு உள்ளங்கையை மேசையின் மேற்பரப்பில் வைத்துக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லுங்கள். இப்போது பின்பக்கத்திலுள்ள முத்தலைத் தசை இறுகும். மேசையைக் கை தள்ளுகிறது, ஆனால் அந்தத் தள்ளலை உண்டாக்குவதும் ஒரு தசையின் இழுப்புதான் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, மாதிரியைச் செய்யும்போது புரிந்துவிடும்.

படி 2: மூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

செய்தித்தாளை இறுக்கமான குழலாகச் சுருட்டி, நீட்டிய கையின் நீளவாக்கில், முழங்கையைத் தாண்டிச் செல்லும்படி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். அந்தக் கையின் விரல்களால் அதே பக்கத் தோளைத் தொடச் சொன்னால், வகுப்பே சிரிப்பில் அதிரும். கையில் அடிபட்ட மாணவர் யாரேனும் இருந்தால் அவரை இதில் ஈடுபடுத்த வேண்டாம்.

மூட்டு வகைகளுக்கு அதிக நேரம் செலவிடத் தேவையில்லை. முழங்கை கதவின் கீலைப் போல முன்னும் பின்னும் மட்டுமே அசைவதால் அது கீல் மூட்டு. தோளும் இடுப்பும் பல திசைகளிலும் சுழல்வதால் பந்துக்கிண்ண மூட்டுகள். எலும்பையும் எலும்பையும் தசைநார் பிணைக்கிறது, அவற்றின் முனைகள் உராயாதபடி குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

படி 3: கை மாதிரியைச் செய்யுங்கள்

5 செ.மீ. அகலத்தில் இரண்டு அட்டைப் பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். 30 செ.மீ. நீளமுள்ளது மேற்கை, 28 செ.மீ. நீளமுள்ளது முன்கை. மேற்கைப் பட்டையின் கீழ்முனையிலிருந்து 2 செ.மீ. தள்ளி, அகலத்தின் நடுவில் ஒரு துளையும், முன்கைப் பட்டையின் ஒரு முனையிலிருந்து 4 செ.மீ. தள்ளி, அதேபோல் நடுவில் மற்றொரு துளையும் இடுங்கள். முன்கைப் பட்டை மேலே இருக்கும்படி இரண்டையும் காகிதப் பின்னைக் கொண்டு இணையுங்கள். மூட்டைத் தாண்டி நீண்டிருக்கும் அந்த 4 செ.மீ. பகுதியை வெட்டிவிடாதீர்கள். உங்கள் முழங்கையின் பின்புறம் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பு முனைதான் அது.

இரண்டு பட்டைகளிலும் ஓரங்களில் ‘முன்’, ‘பின்’ என்று எழுதிக்கொண்டு, மூட்டுக்கு 8 செ.மீ. மேலே, மேற்கையின் இரு ஓரங்களிலும் உறிஞ்சுகுழலின் சிறு துண்டுகளை ஒட்டுங்கள். முதல் நூலை, மூட்டிலிருந்து கைவிரல் பக்கமாக 4 செ.மீ. தள்ளி, முன்கையின் முன் ஓரத்தில் துளையிட்டுக் கட்டி, முன்பக்கக் குழல் வழியே மேலே கொண்டுவாருங்கள். இரண்டாம் நூலை, மூட்டுக்கு அப்பால் நீண்டிருக்கும் முனையின் பின் ஓரத்தில் கட்டி, பின்பக்கக் குழல் வழியே கொண்டுவாருங்கள். நூலை ஓரத்தில் கட்டாமல் அட்டையின் நடுவில் கட்டினால், நீட்டியிருக்கும் கையில் இழுவிசை ஏறக்குறைய மூட்டை நோக்கியே செல்லும். நூல் விறைக்குமே தவிரக் கை எளிதில் மடங்காது.

முன்நூலை இழுத்தால் கை மடங்கும், பின்நூலை இழுத்தால் நீளும். ஒரு நூலை இழுக்கும்போது மற்றதைத் தளர்த்த வேண்டும் என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு, முன்நூலைக் கீழ்நோக்கித் தள்ளிக் கையை நீட்டச் சொல்லுங்கள். நூல் துவண்டு தொங்கும், கை அசையாது. தசைகள் ஏன் எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை கிடையாது. நிஜத் தசையின் நுனி எலும்பைப் பற்றிக்கொள்ளும் பகுதிக்குத் தசைநாண் என்று பெயர்.

நேரம் இருந்தால், முன்நூலின் துளையை மூட்டிலிருந்து 10 செ.மீ. தூரத்துக்கு மாற்றிப் பாருங்கள். கையைத் தூக்குவது எளிதாகும், ஆனால் அதே அளவு மடக்குவதற்கு நூலை அதிக நீளம் இழுக்க வேண்டியிருக்கும். நம் உடலில் இருதலைத் தசை மூட்டுக்கு மிக அருகிலேயே இணைந்திருக்கிறது. வலிமையாக இழுக்க வேண்டியிருந்தாலும், தசை சிறிது சுருங்கினாலே கை வேகமாகவும் நெடுந்தூரமும் அசைகிறது.

அட்டைக் கையில் பலூனைத் தசையாகக் கட்டும் மாதிரிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பலூன் எதையும் இழுப்பதில்லை, பிதுங்க மட்டுமே செய்கிறது. அதனால் தசை உப்புவதால்தான் கை மடங்குகிறது என்று குழந்தை எண்ணக்கூடும். தசை ஏதோ ஒன்றால் நிரம்பி ஊதிப் பெருக்கிறது என்ற கருத்து அறிஞர்களிடமே நெடுங்காலம் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் சுவாமர்டாம், தவளையின் தசையைக் கண்ணாடிக் குழலில் அடைத்துச் சுருங்கச் செய்து, அதன் கனஅளவு கூடவில்லை என்று காட்டினார். தசை நீளத்தில் குறைவதால்தான் தடிக்கிறது.

படி 4: விரல்களை அசைப்பது எது?

ஒரு கையின் விரல்களை மேசையில் தாளம் போடுவது போல அசைக்கச் சொல்லி, மற்றொரு கையால் முன்கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அசைவு முழங்கைக்கு அருகிலேயே தட்டுப்படும். விரல்களை வலுவாக மடக்கும் தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளை இழுக்கின்றன. மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரு கையில் மட்டும் 27 எலும்புகள் உள்ளன என்ற செய்தியை இப்போது சொன்னால், அது வெறும் எண்ணாகப் போகாது.

படி 5: புரிந்ததா என்று பாருங்கள்

பந்தை உதைக்கும் காலை எலும்புகளுடன் வரையச் சொல்லி, காலை நீட்டும் தசையை ஒரு நிறத்திலும் மடக்கும் தசையை வேறு நிறத்திலும் தீட்டச் சொல்லுங்கள். முழங்கால் பின்பக்கமாக மடங்குவதால், முழங்கைக்கு மாறாக, நீட்டும் தசை தொடையின் முன்பக்கத்திலும் மடக்கும் தசை பின்பக்கத்திலும் வர வேண்டும். பக்கம் மாறியிருந்தால், தொடையில் கைவைத்துக் காலை நீட்டி மடக்கினாலே குழந்தை திருத்திக்கொள்ளும். தசை தொடைக்குள்ளேயே முடிந்துவிடுவதாக வரைந்திருந்தால், அது மூட்டைக் கடந்து அடுத்த எலும்பைப் பிடிக்க வேண்டும் என்பது இன்னும் பதியவில்லை என்று பொருள். அட்டைக் கையை மீண்டும் எடுத்து, முன்நூலை மூட்டைத் தாண்டாமல் மேற்கையிலேயே கட்டி இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.