கணிதம் படித்துக் கனடா வந்தவர்களுக்கு: வீடு எடுக்கும் முன் ஊரைப் பாருங்கள்

வந்திறங்கியதும் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் தெரிந்தவர் வீட்டு பேஸ்மென்டை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்துவிட்டு, அப்புறம்தான் வேலை எங்கே என்று தேடினேன். புள்ளிவிபரவியல் படித்த எனக்கு முதல் நேர்முகம் வந்தது ஒட்டாவாவிலிருந்து. பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

கணிதவியலாளர், புள்ளிவிபரவியலாளர், ஆக்சுவரி (காப்புறுதி, ஓய்வூதிய ஆபத்துகளைக் கணக்கிடுபவர்) மூவரையும் கனடா அரசு 21210 என்ற ஒரே தொழில் இலக்கத்தில் போட்டிருக்கிறது. அரசின் ஜாப் பேங்க் தளத்தில் இதைத் தட்டினால், அடுத்த 3 ஆண்டு வாய்ப்பை மாகாணவாரியாக நட்சத்திரங்களில் காட்டும். சில மாகாணங்களில் நட்சத்திரமே இருக்காது. வேலை இல்லை என்று அர்த்தமில்லை. மதிப்பிடப் போதிய தரவு இல்லை, அவ்வளவுதான். நட்சத்திரம் மூன்று தொழிலுக்கும் பொது என்பதையும் மறக்க வேண்டாம். ஆக்சுவரிக்கு வளமான ஊரில் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

ஆக்சுவரி வேலை காப்புறுதிக் கம்பனிகளின் தலைமையகத்தைச் சுற்றியே கிடக்கும். ரொறன்ரோவில் மனுலைஃப், சன் லைஃப், இன்டாக்ட். வின்னிபெக்கில் கனடா லைஃப், வவனேசா. வின்னிபெக் குளிருக்குப் பயந்து நம்மவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே குறைவு. வீட்டு வாடகையைக் கேட்டால் குளிர் கொஞ்சம் விட்டுவிடும். வோட்டர்லூவிலும் நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகத்துக் கணித மாணவர்கள் படிக்கும்போதே கம்பனிகளில் வேலை பழகியவர்கள், அவர்களோடுதான் போட்டி. கியூபெக் நகரத்திலும் லெவியிலும் பெரிய கம்பனிகள் இருக்கின்றன. பிரெஞ்சு தெரியாமல் அங்கே போவது வீண் அலைச்சல்.

ஆக்சுவரி வேலைக்கு ஊர்ப் பட்டம் மட்டும் இங்கே போதாது, ஆக்சுவரி பரீட்சைகள் கேட்பார்கள். பலர் முதலில் எழுதுவது நிகழ்தகவுப் பரீட்சை: 3 மணி நேரம், 30 கேள்விகள். ஊரிலிருந்து கொண்டுவந்த கேசியோ கல்குலேட்டரை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். குறிப்பிட்ட சில டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மாடல்களுக்கு மட்டுமே அனுமதி. இரண்டு மாதம் முன்பே வாங்கி விரலைப் பழக்குங்கள். ஒன்றிரண்டு பரீட்சை தேறியதை ரெஸ்யூமேயின் மேலேயே போடுங்கள். மீதியை வேலைக்குச் சேர்ந்த பிறகு எழுதலாம். பல கம்பனிகள் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டி, படிக்க லீவும் தருகின்றன.

புள்ளிவிபரவியலாளருக்கு ஒட்டாவாதான் தாய்வீடு. கனடா புள்ளிவிபரத் திணைக்களம் டன்னீஸ் பாஸ்சர் என்ற அரசு வளாகத்தில் இருக்கிறது, அதே பெயரில் ரயில் நிலையமும் அங்கேயே உண்டு. கூட்டாட்சி அரசின் வெளி ஆட்சேர்ப்பில் 2021 முதல் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்குச் சமமான முன்னுரிமை உண்டு. ஆனால் பதில் வர மாதக்கணக்காகும், செலவுக்குறைப்பு ஆண்டுகளில் கதவு பாதி சாத்தியே இருக்கும். மருத்துவ ஆய்வுப் பக்கம் போக விரும்பினால் ரொறன்ரோ யூனிவர்சிட்டி அவென்யூ ஆஸ்பத்திரிகளையும், ஹமில்ரனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள்.

கணிதவியலாளர் என்ற பெயரில் விளம்பரம் தேடினால் அபூர்வமாகத்தான் அகப்படும். வங்கிகளின் ரிஸ்க் பிரிவு, டேட்டா சயின்ஸ் என்று தேடுங்கள், அதில் பெரும்பகுதி ரொறன்ரோவில். அப்படியானால் ஸ்காபரோ பேஸ்மென்ட் சரிதான்.