வள்ளம் கவிழ்ந்தாலும் கையை விடாதீர்கள்

திருநெல்வேலிக் கடற்கரையில் உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி, கூட்டப்புளி பக்கம் பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’ என்று அறிவிப்பு வந்தால் போகாதீர்கள், அதில் பேச ஒன்றுமில்லை. பிரச்சினை ஏற்கெனவே கடலில் கிடப்பவர்களுக்குத்தான். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது, நாட்கணக்கில் தங்கல் போட்டிருந்தவர்களுக்குச் செய்தியே எட்டவில்லை. கரையை விட்டுத் தள்ளிப் போனால் செல்போன் செத்துவிடும், ஆகவே கடலில் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ கட்டாயம் வேண்டும். அப்புறம் லைஃப் ஜாக்கெட். அதைத் தலைக்கு வைத்துப் படுப்பதற்கென்றே வாங்கினவர்கள் உண்டு, நானும் அப்படித்தான் இருந்தேன்.

காற்று திடீரென்று திரும்பி, கடல் ஏறுகிறது என்று தெரிந்த உடனே ஜாக்கெட்டை மாட்டுங்கள். வலை இழுக்க நேரமில்லையென்றால் அறுத்து விடுங்கள். கடன் வாங்கிப் போட்ட வலைதான், மனசு வராது, ஆனால் பின்னால் வலை இழுத்துக்கொண்டிருக்கும் வள்ளத்தில் அலை ஏறி உட்கார்ந்துவிடும். எஞ்சின் நின்றுபோனால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பும், அங்கேதான் கவிழும். பழைய வலைத்துண்டையோ தண்ணீர் மொள்ளும் கேனையோ நீளமான கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து, அதாவது வள்ளத்தின் முன்முனையிலிருந்து விடுங்கள், கயிறு இருபது பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம்) இருந்தால் நல்லது. அது தண்ணீரில் இழுபட, அணியம் அலையைப் பார்த்தபடி நிற்கும்.

கரை தெரிகிறதே என்று அலை உடைகிற இடத்தில் ஓட்டி ஏற்றப் பார்க்காதீர்கள். வெளியே நின்று சமாளிப்பதே மேல்.

உதவிக்கு ரேடியோவில் 16-வது சேனல். போன் எடுத்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. ‘கூத்தங்குழிக்குத் தெற்கே’ என்றால் தேடுகிறவருக்கு ஒன்றும் விளங்காது, ஜிபிஎஸ்ஸில் தெரியும் எண்களை அப்படியே இரண்டு தடவை வாசியுங்கள், எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள்.

கவிழ்ந்துவிட்டதா? வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே கிடங்கள். கரை விளக்கு பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், நீந்திப் போய்விடலாம் என்று தோன்றும், போகாதீர்கள். தலை மட்டும் தெரிகிற ஆளை மேலிருந்து கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம், கவிழ்ந்த வள்ளம் பளிச்சென்று தெரியும். எங்கள் வள்ளத்தின் அடியில் இதற்காகவே ஆரஞ்சு பெயிண்ட் அடித்திருக்கிறோம். இடுப்பில் கயிறு போட்டு ஒருவரோடு ஒருவர் ஒட்டிக் கிடங்கள், உடம்புச் சூடு சீக்கிரம் போகாது. எவ்வளவு தாகமானாலும் கடல் தண்ணீர் குடிக்கக் கூடாது.

ஹெலிகாப்டர் வந்துவிட்டால் பாய்ந்து கயிற்றைப் பிடிக்கத் தோன்றும். சரி, கொஞ்சம் பொறுங்கள். மேலிருந்து வரும் கம்பியில் மின்சாரம் ஏறியிருக்கும், முதலில் அது தண்ணீரைத் தொடட்டும், பிறகு பிடியுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கம்பியை வள்ளத்தில் கட்டிவிடாதீர்கள்.