சுற்றுது, பற்றலை: காஸ் எஞ்சின் பேனலில் என் அனுபவம்

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் காஸ் எஞ்சின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 2 மாதமும் எஞ்சின் சும்மா நின்றது. தடை முடிந்து ஸ்டார்ட் கொடுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பற்றவில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் பேனல் 3 முறை முயன்றுவிட்டு லாக் ஆகிவிட்டது.

காஸ் பிரஷர் சரி. ஸ்பார்க் பிளக்கும் சரி. அரை நாள் போயிற்று. படகுக்காரர்கள் ஐஸுக்கு நிற்க, எனக்கு வயிற்றைக் கலக்கியது. கூட நின்ற தம்பிதான் கவனித்தான்: "அண்ணே, சுத்தும்போதும் ஆர்.பி.எம். 0-ன்னுதான் காட்டுது."

விஷயம் அதுதான். வேகம் தெரியாமல் எங்கள் பேனல் காஸ் வால்வைத் திறக்காது. திறக்கவும் கூடாது, எரியாத காஸ் சைலன்சரில் சேர்ந்தால் வெடிக்கும்.

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தி, காஸ் லைனை அடைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, எஞ்சினோடு சுற்றும் பல் வைத்த சக்கரமான ஃப்ளைவீல் பக்கம் குனிந்தேன். அந்தப் பற்கள் கடப்பதை உணர்ந்து பேனலுக்கு வேகத்தைச் சொல்லும் சென்சார்தான் மேக்னெடிக் பிக்கப். அதன் கனெக்டரின் 2 பின்னிலும் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை. பிக்கப்பைக் கழற்றினால் முனையில் இரும்புத்தூள் மீசைபோல ஒட்டியிருந்தது. எல்லாம் துடைத்தேன். பல் ஒன்று துளைக்கு நேராக வரும்படி ஃப்ளைவீலை நகர்த்தி, பிக்கப்பைப் பல்லில் தொடும்வரை கையால் முறுக்கி, முக்கால் சுற்று திருப்பி எடுத்து லாக்நட் போட்டேன். இடைவெளி சுமார் 1 மில்லிமீட்டர்.

மறுபடி ஸ்டார்ட். ஆர்.பி.எம். ஏறியது, காஸ் வால்வு 'டக்'கென்று திறந்தது, எஞ்சின் 1500-ல் நிலையாக நின்றது. அன்று ராத்திரியே ஐஸ் படகு ஏறியது.

இப்போது தடைக்காலத்திலும் வாரம் ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.